மீன்பெட்டியோடு வா

வண்டியைக் கொண்டுவருகிறவர் "அது பழகிட்டுது" என்று சொன்னால், கையில் இருக்கிற தேநீரைக் கீழே வைத்துவிடுங்கள். நம்முடைய தொழிலில் அதைவிட ஆபத்தான சொல்லை நான் கேட்டதில்லை. பிறேக் பிடிக்கவில்லை என்று வருகிறவனுக்குப் பயம் இருக்கும். பயம் இருப்பதால் மெதுவாக ஓடுவான். பழகிட்டுது என்கிறவனுக்குப் பயம் போய்விட்டது, பிழை மட்டும் போகவில்லை.

முரசுமோட்டையில் இருந்து மகளைப் பார்க்க வந்த வயல்காரர் ஒருவர், காற்றுப் போன ரியூப்புக்கு ஒட்டுப்போட எங்கள் கராஜுக்கு வந்தார். பார்த்தால் ஹான்டில் ஒரு பக்கம் திரும்பியிருக்கிறது, மனிதர் மறுபக்கம் சரிந்து உட்கார்ந்து அதை நேராக ஓட்டிக்கொண்டிருக்கிறார். நான் ஹான்டிலை நிமிர்த்திக் கொடுத்தேன். போன வேகத்தில் திரும்பி வந்து, "பிள்ளை, நல்லா இருந்த வண்டியைக் கோணலாக்கிப் போட்டாய்" என்று என்னோடு சண்டைக்கு நின்றார். இடுப்பை நிமிர்த்தி உட்காரச் சொல்லி அவரை அனுப்புவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

புதிதாகக் கராஜ் வேலைக்கு வந்திருக்கிற தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் என்னைத் தெரியாமல் இருக்கலாம். நான் விமலா. ஒட்டுசுட்டானில் ஒரு மோட்டார் சைக்கிள் கராஜில் வேலை செய்து ஓய்ந்தவள். முழங்கால்கள் இரண்டும் கோபித்துக்கொண்டதால் நின்றுவிட்டேன். வாய் இன்னும் வேலை செய்கிறது. செயினை எப்படிக் கழற்றுவது, அதிர்வு தாங்குகிற முன் சொக்குக்குள் எவ்வளவு ஒயில் விடுவது என்பதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதைப் போனிலேயே காட்டுகிறார்கள், என்னைவிட வடிவாகக் காட்டுகிறார்கள். நான் சொல்ல வந்தது செபமாலையின் வண்டியைப் பற்றி.

யுத்தம் முடிந்து சனங்கள் திரும்பி வந்து குடியேறி, றோட்டுகளுக்குத் தார் போடத் தொடங்கிய காலம் அது. செபமாலை முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்தவன். விடிகிறபோது கரையில் மீன் எடுத்து, ஐஸ் போட்டுப் பெட்டியில் அடுக்கி, மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு ஒட்டுசுட்டான் தாண்டி நெடுங்கேணிக்குப் போவான். றப்பர் ஹோர்னை அமத்தி "பாம், பாம்" என்று அவன் வளைவில் திரும்புகிற சத்தத்தில்தான் எங்கள் ஊரில் பாதிப்பேர் முகம் கழுவுவார்கள்.

அந்த வண்டிக்குச் செயின் நிற்காது. புதுச் செயின் போடுவான், கொஞ்ச நாளில் அறும். அறாவிட்டால் பல்லை விட்டுக் கழன்று பாயும். ஒருமுறை காட்டுக்குள் ஆனை நிற்கிற இடத்தில் அறுந்து, அவன் வண்டியை விட்டுவிட்டு மீன்பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மரத்துக்குப் பின்னால் நின்றிருக்கிறான். உயிரைவிட மீனோ என்று கேட்டதற்கு, "மீன் இல்லாட்டி உயிர் எப்பிடி அக்கா?" என்றான். மூன்று கராஜ் ஏறி இறங்கினான். எல்லோரும் செய்தது ஒரே வேலை: செயினை இன்னும் கொஞ்சம் இறுக்கி அனுப்பினார்கள்.

எங்கள் கராஜும் அதைத்தான் செய்தது. எங்கள் கராஜை நடத்தியவரை ஊரே பாஸ் என்றுதான் கூப்பிடும், நானும் அப்படியே சொல்கிறேன். நட்டுப் பிடிக்கத் தெரியாமல் வந்த என்னைத் தொழில்காரி ஆக்கியவர் அவர். பொம்பிளைக்கு ஏன் இந்த வேலை என்று கேட்டவர்களை "உங்கட வண்டிக்கு ஆம்பிளை பொம்பிளை தெரியுமோ?" என்று திருப்பி அனுப்பியவர். கைராசிக்காரர். ஆனால் செயின் விசயத்தில் அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. "செயின் தொங்கினா கராஜுக்கு மானம் போகும்" என்பார். எங்களிடம் இருந்து போகிற வண்டியின் செயின் புதுப்பாய் மாதிரி விறைப்பாக இருக்கவேண்டும் அவருக்கு.

இன்னொரு பிடிவாதமும் உண்டு. அதைப் பெயின்ரால் எழுதி, அறிவிப்புப் போட் என்று சுவரில் மாட்டியே வைத்திருந்தார்: மீன்பெட்டியைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும்.

அதில் பிழையும் சொல்ல முடியாது. மீன்தண்ணி சீமெந்துத் தரையில் ஒழுகினால் மணம் ஒரு கிழமைக்குப் போகாது, வேறு ஆட்கள் வந்து உட்காரமாட்டார்கள். மீன்காரர்களும் ரோசக்காரர்கள். யாரும் மூக்கைப் பொத்துவதைப் பார்க்க அவர்களுக்குப் பிடிக்காது. அப்படி அறிவிப்புப் போட் இல்லாத கராஜுக்கும் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, வண்டிக்குச் சவர்க்காரம் போட்டுக் கழுவித்தான் கொண்டுபோவார்கள். செபமாலை அதில் இன்னும் ஒருபடி மேல். பொம்பிளை பார்க்கப் போகிற மாப்பிளையைப் போலத்தான் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவான்.

ஒருநாள் மத்தியானமும் அப்படித்தான் வந்தான். ஆனால் முகம் செத்துப்போயிருந்தது.

"அக்கா, கடைசியா ஒருக்காப் பாருங்கோ. சரிவராட்டி விக்கப்போறன்."

"வித்துப்போட்டு?"

"பட்டாக்காரன் கேட்டவன். அவன்ர லொறியில கூவி விக்க ஆள் வேணுமாம். ஞாயிற்றுக்கிழமைக்கிடையில பதில் சொல்லட்டாம்."

பட்டா என்றால் உங்களுக்குத் தெரியும், அந்தச் சின்ன லொறி. புதிதாக ஒருவன் அதில் மீன் ஏற்றிக்கொண்டு நெடுங்கேணிச் சந்தைக்குப் போகத் தொடங்கியிருந்தான். செயின் அறுந்து செபமாலை போகாத நாள்களில் அவனுடைய ஆட்களெல்லாம் லொறியிடம் வாங்கிப் பழகிவிட்டார்கள். மீன் வியாபாரத்தில் ஒரு நாள் தவறினால் சட்டி வேறு ஆளிடம் போய்விடும்.

"என்ர சனத்துக்கு அவன்ர லொறியில நிண்டு கூவுறதோ அக்கா? எல்லாரும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுற ஆக்கள்" என்றான். குரல் உடைந்துவிட்டது. கராஜில் அழுதுகொண்டு வேலை செய்ய முடியாது, நான் வண்டிக்குக் கீழே குனிந்துவிட்டேன்.

செயினைப் பிடித்துப் பார்த்தேன். இருக்கவேண்டிய தளர்வு இருந்தது, கொஞ்சம் குறைவென்றாலும் குற்றம் சொல்கிற அளவுக்கு இல்லை. பல்லுகள் தேயவில்லை. ஏறி ஒரு சுற்று ஓடிப் பார்த்தேன். பூப்போல ஓடியது. பாஸ் தூரத்தில் இருந்தே தீர்ப்புச் சொன்னார்: "வண்டியில ஒண்டும் இல்லை. ஓடுறவனிலதான் பிழை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம்."

செபமாலை வண்டிக்குப் பக்கத்திலேயே குந்திவிட்டான். நான் தேநீரை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். வேறு ஏதும் குறை இருக்கிறதா என்று சும்மா கேட்டேன்.

"வேறை ஒண்டும் இல்லை அக்கா. ஹான்டில் தலை ஆட்டுறது ஒண்டுதான். அது பழகிட்டுது."

தேநீரைக் கீழே வைத்தேன்.

"எப்ப ஆட்டும்?"

"பெட்டி இருக்கேக்க."

"பெட்டி இல்லாட்டி?"

"பெட்டி இல்லாட்டி அது ஏன் ஆட்டுது?" என்றான், இதென்ன விசர்க் கேள்வி என்பதுபோல.

பிள்ளைகளே, அந்த இடத்தில்தான் எனக்குப் பிடிபட்டது. மூன்று கராஜ்காரரும் நாங்களும் பார்த்த வண்டி ஒன்று, செபமாலை ஓடுகிற வண்டி வேறொன்று. பெட்டியும் மீனும் ஐஸும் ஏறிய அந்த வண்டியை ஒரு மெக்கானிக்கும் கண்ணால் கண்டதே இல்லை. நாங்கள் பார்ப்பதற்கு முன்பே அதைக் கழற்றி, கழுவி, மணம் போக்கிக் கொண்டுவந்தான். வருத்தக்காரனை வீட்டில் விட்டுவிட்டுச் சட்டையை மட்டும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன கதைதான்.

"நாளைக்கு விடிய மீன்பெட்டியோட வா" என்றேன்.

அவன் சுவரைப் பார்த்தான். "அக்கா, போட்டில…"

"போட்டை நான் பாத்துக்கொள்ளுறன். நீ மீனோட வா."

பாஸ் எழும்பி வந்தார். "எடி பிள்ளை, இது கராஜோ, கருவாடு காயப்போடுற வாடியோ?"

"நாளைக்கு ஒரு நாளைக்கு வாடி, பாஸ்" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் இரும்பு உருகியிருக்கும். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

விடிந்ததும் ஹோர்ன் கேட்டது. உள்ளே வரமாட்டான் என்று எனக்குத் தெரியும். வாசலுக்கு வெளியே, றோட்டுக்கரையில், குற்றவாளியைப் போல நின்றான். நானே போய் ஹான்டிலைப் பிடித்து உள்ளே இழுத்துவந்தேன். சீமெந்துத் தரையில் தண்ணி சொட்டியது. எங்கிருந்து வந்ததோ தெரியாது, இரண்டு பூனைகள் வந்து மரியாதையாக உட்கார்ந்துகொண்டன.

"இறங்காதை. அப்பிடியே இரு" என்றேன்.

அவனும் பெட்டியும் மேலே இருக்க, கீழே குனிந்து செயினைத் தொட்டேன். ஐயோ, அதைச் செயின் என்று சொல்ல முடியாது. உடுப்புக் காயப்போடுகிற கம்பி அது. பாரம் ஏறிப் பின்பக்கம் தாழ்ந்ததும், முதல் நாள் தளர்வாக இருந்த செயின் முழுக்க இறுகிவிட்டது. நாங்கள் இறுக்க இறுக்க அது அறுந்ததில் என்ன அதிசயம்? "பாஸ், ஒருக்கா விரலை வையுங்கோ" என்றேன். மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தவர், தொட்டதும் மூக்கில் இருந்த கையை எடுத்துவிட்டார்.

அவனை இறக்கி, வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றினேன். நான் முன்சில்லைத் தூக்கவே இல்லை. பெட்டியின் பாரத்தில் அது தானாகவே மேலே எழும்பி நின்றது. பெட்டியைக் கரியரின் கடைசி நுனியில், வாலில் கட்டுகிற மாதிரிக் கட்டியிருந்தான்.

"ஏன் இவ்வளவு பின்னுக்குக் கட்டினனி?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு, "முன்னுக்கு எண்டால் சட்டையில மணக்கும் அக்கா" என்றான்.

மணத்துக்கு வெட்கப்பட்டுப் பெட்டியைப் பின்னே தள்ள, முன்சில்லு நிலத்தில் ஒழுங்காக ஊன்றவில்லை. ஹான்டிலை நான் மெதுவாக இடப்பக்கமிருந்து வலப்பக்கம் திருப்பினேன். நட்டநடுவில் "டக்" என்று ஓர் இடத்தில் பிடித்தது. ஹான்டிலின் கழுத்துக்குள் இருக்கிற குண்டுகள் தாங்கள் இருந்த இடத்தில் பள்ளம் தோண்டிவிட்டன. தலையாட்டத்தை நிறுத்துவதாக நினைத்து யாரோ அந்தக் கழுத்து நட்டையும் இறுக்கி வைத்திருந்தார்கள். முன் சொக் ஒன்றில் ஒயில் கசிந்து குழாய் நனைந்திருந்தது. பின்சில்லும் நேராக இல்லை. ஒவ்வொருவரும் தங்கள் கைக்கு எட்டிய பக்கத்தை மட்டும் இழுத்து இறுக்கியிருந்தார்கள்.

அப்போதுதான் அந்தப் பட்டா லொறி எங்கள் கராஜைக் கடந்தது. கடந்தது மட்டுமா, நீளமாக ஒரு ஹோர்னும் அடித்துவிட்டுப் போனான்.

செபமாலை பதறிப்போனான். "மாதாவே! அக்கா விடுங்கோ, நான் போறன். அவன் முந்திட்டான்!"

பாஸும், "விடு பிள்ளை. பின்னேரம் ஆறுதலாப் பாப்பம். மீன் பழுதாப்போகும்" என்றார்.

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஐஸ் கரைந்துகொண்டிருந்தது. அப்படியே விட்டால் காட்டுக்குள் அந்தச் செயின் அறுந்தாலும் அறும். அறாவிட்டாலும், அவசரத்தில் அவன் முறுக்குகிற முறுக்கில் அந்த முன்சில்லு எங்கே கொண்டுபோய் அவனைப் போடும் என்று சொல்ல முடியாது. முழுவதையும் திருத்தி முடிக்கவோ அரைநாள் வேண்டும். நான் சாவியைக் கழற்றி என் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, வண்டியை ஸ்டாண்டில் இருந்து இறக்கினேன்.

"லொறி போகட்டும். பதறாத காரியம் சிதறாது. ஏறி இரு."

எது இப்போது, எது பின்னேரம் என்று பிரிப்பதுதான் நம்முடைய வேலையில் பாதி. நட்டுச் சாவி பிடிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. கழுத்துக் குண்டும் சொக்கும் பின்னேரத்துக்கு. அந்தக் கழுத்து நட்டை மட்டும் இருக்கவேண்டிய இடத்துக்குத் தளர்த்திவிட்டேன். பெட்டியை அவிழ்த்து அவன் முதுகுக்குக் கிட்ட நெருக்கிக் கட்டினேன். அவனை மேலே இருத்திக்கொண்டே, பாரத்தோடு செயினுக்கு விரலளவு ஆட்டம் வரும்வரை தளர்த்தினேன். இரண்டு பக்கக் கோடுகளும் ஒத்துவரப் பின்சில்லை நேராக்கினேன். பாஸ் பக்கத்தில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அவருடைய ஆயுளில் அவர் கராஜில் யாரும் செயினைத் தளர்த்தி அனுப்பியதில்லை.

பிறகு அவனை இறக்கிவிட்டு, மீனோடு நானே ஏறினேன். நான் ஓடிப் பார்க்காத வண்டியை அன்றைக்கு வெளியே விட எனக்கு மனம் வரவில்லை. வளைவுவரை போய்த் திரும்பினேன். கையைக் கொஞ்சம் தளர்த்திப் பிடித்தும் ஹான்டில் ஆடவில்லை. மதகடியில் ஒரு பொம்பிளை சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, "விமலாக்கா, எப்ப தொடக்கம் மீன்? விளைமீன் கிடக்கோ?" என்றாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பி வந்து சாவியைக் கொடுத்தேன்.

"சொக் ஒண்டு ஒழுகுது, மெல்லப் போ. பின்னேரம் கட்டாயம் வா."

அவன் போன பிறகு பாஸ் ஒரு வாளித் தண்ணியும் தும்புக்கட்டையும் கொண்டுவந்து என் காலடியில் வைத்தார். நான் தரையைத் தேய்த்தேன். லொறி முந்திவிட்டதே, அவனைப் பிடித்து வைத்தது நான்தானே என்று கைவேலை ஒன்றும் ஓடவில்லை.

மத்தியானத்துக்கு முன்பே வளைவில் ஹோர்ன் கேட்டது. விட்டு விட்டு இல்லை, விடாமல் அமத்திக்கொண்டே வந்தான். ஊர் நாய்கள் எல்லாம் எழும்பிவிட்டன. பெட்டியைக் கழற்றாமல், கேளாமல், நேரே உள்ளே வந்து நிறுத்தி மூடியைத் திறந்து காட்டினான். உள்ளே ஐஸ்தண்ணியும் நாலைந்து செதிலும்தான் கிடந்தன.

"என்னடா நடந்தது?" என்று பாஸ்தான் முதலில் கேட்டார்.

"நான் போகேக்க சந்தையில லொறியைச் சுத்தி ஒரே சனம், பாஸ். கிட்டப் போகவும் ஏலாது. சரி, முடிஞ்சுது கதை எண்டு நினைச்சன். அப்பதான் பாத்தன், நான் ஒரு கையால ஓடிக்கொண்டு நிக்கிறன். மற்றக் கையால கண்ணைத் துடைச்சனான். ஹான்டில் ஆடேல்லை!"

அதோடு அவனுக்குப் பழைய ஞாபகம் வந்திருக்கிறது. முந்தி அவன் சந்தையில் நின்று விற்றவன் அல்ல. தார் போடாத கிரவல் ஒழுங்கைகளுக்குள் போய் வீட்டு வாசல் படலைகளில் நின்று விற்றவன். ஹான்டில் ஆடத் தொடங்கிய பிறகு கிரவலுக்குள் இறங்கப் பயந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சந்தையோடு நின்றுவிட்டான். அதுவும் பழகிவிட்டது, ஏன் போவதில்லை என்பதையே மறந்துவிட்டான். அன்று வண்டியைத் திருப்பி முதல் ஒழுங்கைக்குள் விட்டிருக்கிறான்.

"முதல் படலையில அம்மா ஒருவா பேசின பேச்சு! 'எட தம்பி, இவ்வளவு காலமும் எங்க செத்துப்போனனி? சந்தைக்கு நடந்து எனக்குக் கால் போச்சு' எண்டா. பேசிப்போட்டுச் சட்டியை நீட்டினா. குளக்கட்டுக்குப் போகமுதல் பெட்டி முடிஞ்சுது அக்கா! லொறி உந்த ஒழுங்கையளுக்குள்ள வரேலுமோ? லொறிக்குச் சந்தை, எனக்குப் படலை!"

"பட்டாக்காரனுக்கு என்ன பதில் சொன்னனி?" என்று கேட்டேன்.

"திரும்பி வரேக்க கண்டனான். 'ஞாயிற்றுக்கிழமை வாறியோ?' எண்டான். 'அண்ணை, எனக்கு மீன் போதாமல் போச்சு. உங்கட லொறியில மிஞ்சினதைத் தாங்கோ, நான் வித்துத் தாறன்' எண்டன்."

பாஸ் சிரித்த சிரிப்பில் கூரைத்தகரம் அதிர்ந்தது. அன்று பின்னேரம் நான் கழுத்துக் குண்டுகளை மாற்ற, அவர் முன் சொக் இரண்டையும் தன் கையாலேயே பிரித்து, சீல் மாற்றி, ஒயில் விட்டார். உப்பும் கிரவல் புழுதியும் சேர்ந்து உள்ளே இருந்த ஒயில் பழைய மீன்குழம்பு போலிருந்தது. வேலை முடிந்து வெறும் வண்டி வாசலில் நின்றபோது செயின் நன்றாகத் தொங்கியது. றோட்டால் போன ஒருவர், "என்ன பாஸ், உங்கட கராஜ் செயின் ஊஞ்சல் ஆடுது?" என்று பகிடி விட்டார்.

"அது மீனுக்கு அளந்த செயின். நீ மீனோ?" என்றார் பாஸ்.

அதன் பிறகு செபமாலைக்குச் செயின் தேய்ந்ததே ஒழிய அறவில்லை. நீங்களும் இதை மறக்காதீர்கள். வண்டி உங்களிடம் குளித்து, தலைவாரி, நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டுதான் வரும். நெல்மூட்டை ஏற்றுகிறவனுடைய வண்டியை மூட்டையோடு பாருங்கள். மூன்று பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோகிற தாயின் வண்டியைப் பிள்ளைகளோடு பாருங்கள். உழைக்கிற கோலத்தில் பார்க்காமல் ஒரு நட்டையும் இறுக்காதீர்கள்.

அடுத்த கிழமை ஒருநாள் காலை நான் வேலைக்கு வந்தபோது கராஜ் வாசலில் மீன்காரர்கள் வரிசையாக நின்றார்கள். எல்லோருக்கும் பின்னால் பெட்டி, பெட்டிக்குள் மீன். வரிசையின் முன்னால் செபமாலை, தனக்கு ஒரு குறையும் இல்லாமலே, ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்த பெருமையில் ஹோர்னில் கைவைத்தபடி நின்றான். ஒருவரும் உள்ளே போகவில்லை. எல்லோரும் அந்தப் போட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பாஸ் ஒரு கதிரையில் ஏறி நின்றிருந்தார். கையில் பெயின்ர் தகரம். ஒரேயொரு சொல்லைத்தான் அழித்திருந்தார். ஈரம் காயாத புது எழுத்தில், அந்த வயதிலும் கை நடுங்காமல், அதன் இடத்தில் வேறொரு சொல்லை எழுதி முடித்துக் கீழே இறங்கினார். வாழ்க்கையில் ஒருநாளும் என்னிடம் "நீ செய்தது சரி" என்று சொல்லாத மனிதர் அவர். அன்றும் சொல்லவில்லை. தூரிகையை என்னிடம் நீட்டி, "எழுத்துப்பிழை இருக்கோ எண்டு பார், பிள்ளை" என்றார்.

நான் உரத்து வாசித்தேன்: "மீன்பெட்டியைக் கழற்றாமல் உள்ளே வரவும்."

ஹோர்ன்கள் எல்லாம் ஒன்றாக அலறின. எல்லோருக்கும் முதலில் உள்ளே போனவை பூனைகள்தான்.